நண்பர்கள் தொடங்கிய பேண்டு ஏன் பகையில் முடிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் என் வீட்டு மாடியில் ரிகர்சலுக்கென்று ஓர் அறை வைத்திருக்கிறேன். ஒரு டிரம்ஸ் செட், இரண்டு ஆம்ப், ஒரு பழைய மிக்ஸர். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், அஞ்சுகிராமம் என்று மாவட்டத்தின் நாலு பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து வாசிக்கிறார்கள். நன்றாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் திடீரென்று வராமல் போகும். விசாரித்தால், "அவன்கூட இனி சேராது அண்ணா" என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கெட்டுவிடும், ஏனென்றால் நானும் இப்படி ஒரு பேண்டை இழந்தவன். அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் 'பேண்டு' என்றால் திருவிழாப் பவனிக்கு முன்னால் போகும் பேண்டு செட்தான். இங்கே நான் பேசுவது கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு வைத்து நாலைந்து பேர் சொந்தமாகப் பாட்டுப் போடும் குழுக்களைப் பற்றி.

உலகப் புகழ் பெற்ற ராக் பேண்டுகள் எல்லாம் ஈகோவால்தானே உடைந்தன?

இந்தப் பதிலை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஈகோ இல்லாத ஆள் ஆயிரம் பேருக்கு முன்னால் மைக்கைப் பிடிக்கவே மாட்டான். எல்லாப் பேண்டிலும் அது உண்டு. எல்லாரிடமும் இருக்கிற ஒன்று சில பேரை மட்டும் எப்படிப் பிரிக்கும்?

இங்கிலாந்தின் 'தி கிங்க்ஸ்' பேண்டைப் பாருங்கள். 1965 மே மாதம் கார்டிஃப் நகர மேடையில், கிட்டார் வாசித்த டேவ் டேவிஸ் டிரம்மர் மிக் ஏவரியைத் திட்டி, டிரம்ஸ் செட்டை உதைத்துத் தள்ளினார். ஏவரி, டிரம்ஸில் ஜால்ரா போன்ற தட்டுகளை மாட்டும் ஹைஹாட் ஸ்டாண்டை எடுத்து டேவின் தலையில் அடித்தார். 16 தையல். போலீஸ் வரை போனது. அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதே ஏவரி 1984 வரை அதே பேண்டில் வாசித்தார். மண்டை உடைந்த பிறகும் 19 வருஷம்! பேண்டு அதற்கப்புறமும் 1996 வரை இருந்தது.

அடிதடி பேண்டை உடைப்பதில்லை என்று நான் நம்ப ஆரம்பித்தது இதைப் படித்த பிறகுதான்.

அப்படியானால் எது உடைக்கிறது?

சிநேகமாக இருந்த நாளில் பேசாமல் விட்டது. பாட்டு யாருடையது, அதில் வரும் காசில் யாருக்கு எவ்வளவு, முடிவு எடுப்பது யார் என்ற பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் நட்புக்குக் குறைச்சல் என்று நினைப்பார்கள். அது உள்ளே கிடந்து புளிக்கும். பிறகு சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்தில் வெடிக்கும். பார்க்கிறவர்கள் அந்தக் கடைசி விஷயத்தைக் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

என் கதையையே சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஐந்து பேர். கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து பாடி வளர்ந்தவர்கள். சொந்தமாக ஆறு பாட்டுப் போட்டு ஒரு கேசட் வெளியிட்டோம். அட்டையில் 'பாடல், இசை' என்று போட்டு என் பெயரை மட்டும் அச்சடித்தேன். மெட்டு நான் போட்டதுதான். ஆனால் முதல் பாட்டின் தொடக்கத்தில் வரும் கீபோர்டு ட்யூன் எங்கள் கீபோர்டுக்காரனுடையது. பஸ்ஸில் பிள்ளைகள் முணுமுணுத்தது அந்த ட்யூனைத்தான், என் மெட்டை அல்ல. அட்டையை அவன் கையில் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்துத் தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒரு கச்சேரிக்குப் போகும்போது, வேனில் முன் சீட்டில் யார் உட்காருவது என்று ஒரு சச்சரவு. பாதி வழியில் இறங்கிப் போனான். பேண்டு அன்றைக்கே முடிந்தது. வேன் சீட்டுக்காகப் பிரிந்தோம் என்று ஊரில் இன்றும் சொல்கிறவர்கள் உண்டு.

பாட்டு எழுதினவருக்கு மட்டும் ஏன் அவ்வளவு காசு? எல்லாரும்தானே வாசிக்கிறார்கள்?

இதைப் புரிந்துகொண்டால் பாதி ராக் வரலாறு புரிந்துவிடும். ஒரு பாட்டில் இரண்டு சொத்து உண்டு. வரியும் மெட்டும் ஒரு சொத்து. பதிவு செய்த ஒலி இன்னொரு சொத்து. முதலாவது எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் போகும். இரண்டாவதில்தான் வாசித்தவர்களுக்குப் பங்கு. அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் பாட்டு ஓடினால் எழுதியவருக்குக் காசு உண்டு. வாசித்த டிரம்மருக்கு ஒன்றுமில்லை. ஒரே வேனில் போய், ஒரே அறையில் தூங்கி, ஒரே மேடையில் வியர்வை சிந்திய நாலு பேரில் ஒருவர் மட்டும் பங்களா வாங்குவது இப்படித்தான்.

'குயின்' பேண்டில் இது வேறு மாதிரி வந்தது. 1975இல் 'பொஹீமியன் ராப்சடி' தனி ரெக்கார்டாக வந்தபோது, அதன் மறுபக்கத்தில் டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய பாட்டு இருந்தது. ரெக்கார்டு விற்றால் இரண்டு பக்கத்துப் பாட்டுக்கும் எழுத்துப் பங்கு ஒரே அளவு. உலகமே முன்பக்கத்துக்காக வாங்கியது. பின்பக்கம் எழுதியவருக்கும் அதே காசு. உள்ளுக்குள் நீண்ட நாள் மனக்கசப்பு. கடைசியில் 1989 ஆல்பத்திலிருந்து, யார் எழுதினாலும் நாலு பேர் பெயரும் போடுவது என்று முடிவெடுத்தார்கள். பாடகர் ஃப்ரெடி மெர்குரி இறக்கும் வரை அந்தப் பேண்டு பிரியவில்லை.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்திய பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை முழுசாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆகவே அட்டையிலோ யூட்யூப் விவரத்திலோ யார் பெயரைப் போடுகிறீர்கள் என்பது மரியாதைக்கான விஷயம் மட்டுமல்ல, சொத்துக்கான விஷயமும்தான்.

பீட்டில்ஸ் பேண்டை, அதில் இருந்த ஜான் லெனனின் மனைவி யோக்கோ ஓனோ உடைத்தார் என்கிறார்களே?

ஒரு பெண்ணின் தலையில் ஐம்பது வருஷமாகச் சுமத்திய பழி இது. எனக்கு இதைக் கேட்டாலே வருத்தம்.

நடந்த வரிசையைப் பாருங்கள். 1967 ஆகஸ்டில் அவர்களுடைய மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் இறந்தார். கணக்கு, ஒப்பந்தம், நால்வருக்கும் இடையில் சமாதானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட ஆள் போனார். ஒரு வருஷத்தில், 1968 ஆகஸ்டில், ரிங்கோ ஸ்டார் தன்னை வெளியாள் போல உணர்ந்து பேண்டைவிட்டுப் போனார். மற்றவர்கள் கூப்பிட்டு, இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவருடைய டிரம்ஸ் முழுக்கப் பூ வைத்து அலங்கரித்திருந்தார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ஒருவரை ஒருவர் வெறுத்தவர்கள் பூ வைக்க மாட்டார்கள்.

1969 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் வெளியேறி, பன்னிரண்டு நாளில் திரும்பினார். லெனன், மெக்கார்ட்னி பாட்டுகளே பெரும்பாலும் ஆல்பத்தை நிறைத்தன; ஜார்ஜுக்கு ஓரிரண்டு இடம். பேண்டு முடிந்த 1970இலேயே அவர் மூன்று ரெக்கார்டுகள் கொண்ட ஆல்பம் வெளியிட்டார் என்றால், எத்தனை பாட்டைச் சேர்த்து வைத்திருந்தார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு புது மேலாளர் யார் என்ற பிரச்சினை. மூன்று பேர் ஆலன் க்ளைனை விரும்பினார்கள். மெக்கார்ட்னி தன் மனைவி வீட்டாரை விரும்பினார். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்று. லெனன் 1969 செப்டம்பரில் உள்ளுக்குள் "நான் போகிறேன்" என்றார். மெக்கார்ட்னி 1970 ஏப்ரலில் வெளியே சொன்னார். அந்த வருஷக் கடைசி நாளில் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கூட்டு சட்டப்படி கலைய 1975 ஆகிவிட்டது. க்ளைனை விரும்பிய அந்த மூன்று பேருமே பின்னால் க்ளைன் மேல் வழக்குப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாங்கள் அண்ணன் தம்பி ஒரே பேண்டில் இருக்கிறோம். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஆனால் கவனமாக இருங்கள். நண்பனிடம் காட்டும் மரியாதையைக்கூடச் சில நேரம் தம்பியிடம் காட்டுவதில்லை.

எவர்லி சகோதரர்கள் சிறு வயதிலிருந்து சேர்ந்து பாடியவர்கள். 1973 ஜூலையில் கலிஃபோர்னியா மேடையில் அண்ணன் டான் குடித்துவிட்டு வந்தார். தம்பி ஃபில் கிட்டாரை உடைத்துவிட்டுப் போனார். மறுபடி சேர்ந்து பாட 1983 ஆகிவிட்டது. ஓயசிஸ் பேண்டின் சகோதரர்கள் 2009 ஆகஸ்டில் பாரிசில் மேடைக்குப் பின்னால் சண்டை போட்டுப் பிரிந்து, 2025 ஜூலையில்தான் ஒரே மேடையில் நின்றார்கள், அதுவும் கிங்க்ஸ் சண்டை நடந்த அதே கார்டிஃப் நகரில்.

என்னை மிகவும் வதைப்பது க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்கப் பேண்டின் கதை. தொடக்கத்தில் அண்ணன் டாம் ஃபோகர்ட்டிதான் பாடகர், தலைவர். தம்பி ஜானின் குரலும் பாட்டும் வளர்ந்தபோது டாம் ரிதம் கிட்டாருக்கு நகர்ந்தார். எழுதுவது, பாடுவது, முடிவெடுப்பது எல்லாம் தம்பி கைக்குப் போனது. 1971இல் அண்ணன் விலகினார். 1972இல் பேண்டே இல்லை. 1990இல் டாம் இறந்தார். 1993இல் பேண்டுக்குப் பெரிய கௌரவம் கிடைத்த மேடையிலும், மீதி இருந்த இரண்டு பேரோடு சேர்ந்து வாசிக்க ஜான் மறுத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் அம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று நினைக்காதீர்கள். வீட்டுக் கணக்கும் பேண்டுக் கணக்கும் வேறு வேறு.

நாங்கள் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. நாளைக்குப் பிரச்சினை வந்தால் சட்டம் என்ன சொல்லும்?

'தி ஸ்மித்ஸ்' பேண்டில் இதுதான் நடந்தது. பாடகர் மோரிசியும் கிட்டார் வாசித்த ஜானி மாரும் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டார்கள். பேஸ், டிரம்ஸ் வாசித்தவர்களுக்கு ஆளுக்குப் 10 சதவீதம். 1987இல் பேண்டு முடிந்தது. டிரம்மர் மைக் ஜாய்ஸ், "10 சதவீதத்துக்கு நான் எப்போது சம்மதித்தேன்?" என்று நீதிமன்றம் போனார். 1996இல் தீர்ப்பு அவருக்கு: 25 சதவீதம். காரணம் எளிது. கூட்டாளிகள் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் லாபம் சமபங்கு என்று அங்கே 1890ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது.

நம் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932, 13ஆம் பிரிவிலும் இதே விதி இருக்கிறது. "நான்தான் எல்லாம் செய்தேன்" என்று மனசுக்குள் வைத்திருக்கிறவருக்கும், "எனக்குக் குறைவாகத் தருகிறான்" என்று மனசுக்குள் வைத்திருக்கிறவருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

எங்களுக்கு ராயல்டியும் இல்லை, ஆல்பமும் இல்லை. கோயில் கொடை விழா, பள்ளித் திருவிழா, கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ் சீசன், அவ்வளவுதான். எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். தொகை சின்னதாக இருந்தால் மனசு இன்னும் சீக்கிரம் புண்படும்.

கமிட்டியோடு பேசி அட்வான்ஸ் வாங்குவது ஒருவன். அவன் எவ்வளவு வாங்கினான் என்பது மற்றவர்களுக்குச் சரியாகத் தெரியாது. போன் செலவு, டீசல், சவுண்டு செட்காரருக்குக் கொடுத்தது என்று சொல்லி மீதியைப் பிரிப்பான். நேர்மையாகவே பிரித்திருப்பான். ஆனால் கணக்கை யாரும் பார்க்காததால் சந்தேகம் வரும். நான் பார்த்த உடைவுகளில் பெரும்பாலானவை திருட்டால் வந்தவை அல்ல, காட்டாத கணக்கால் வந்தவை. கச்சேரி முடிந்த இரவே, சாமான் ஏற்றும் முன்னால், வாங்கியது இவ்வளவு, போனது இவ்வளவு என்று குரூப்பில் ஒரு படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று சாமான். கீபோர்டு ஒருவனின் அப்பா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. மிக்ஸர் எல்லாரும் சேர்ந்து வாங்கியது. ஒருவன் பிரியும்போது மிக்ஸர் யாருக்கு? பிரியும்போது கேட்டால் இதுவே போலீஸ் ஸ்டேஷன் வரை போகும். வாங்கும்போதே பேசினால் ஐந்து நிமிஷம்.

டிரம்மரை மறக்காதீர்கள் என்றும் ஒரு வேண்டுகோள். எல்லாருக்கும் முன்னால் வந்து கட்டி, எல்லாருக்கும் பின்னால் அவிழ்க்கிறவன் அவன்தான். சமபங்கு கொடுத்தாலும் அவன் உழைப்பு இரண்டு மணி நேரம் கூடுதல்.

நம் ஊர் வில்லுப்பாட்டுக் குழுக்களில் இவ்வளவு சண்டை இல்லையே, ஏன்?

நல்ல கேள்வி. நம் மாவட்டத்துக்கே பெருமையான கலை இது, அதில் பாடம் இருக்கிறது. வில்லை முன்னால் வைத்துப் பாடுகிறவர் தலைவர். குடம் ஒருவர், உடுக்கை ஒருவர், ஜால்ரா ஒருவர், கட்டை ஒருவர். யார் தொடங்குவார், யார் வாங்கிப் பாடுவார், கொடைப் பணத்தில் தலைவருக்கு எவ்வளவு என்பது குழுவில் சேரும்போதே தெரியும். பிடிக்காதவர் வேறு குழுவுக்குப் போவார். மனத்தாங்கல் அங்கேயும் உண்டு, ஆனால் "நாம எல்லாம் சமம்" என்று சொல்லிவிட்டு ஒருவர் மட்டும் தலைவராக நடந்துகொள்ளும் ஏமாற்றம் அங்கே இல்லை.

ராக் பேண்டின் வலி அந்த ஏமாற்றம்தான். எல்லாரும் சமம் என்ற வாக்கில் தொடங்குகிறது. வெற்றி வந்ததும் ஒருவர் குரலோ ஒருவர் பேனாவோ பெரிதாகிறது. அதைப் பெயர் சொல்லிப் பேச யாருக்கும் தைரியம் வருவதில்லை.

தமிழில் இப்படி ஒரு பெரிய பிரிவு உண்டா?

விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ராக் பேண்டு இல்லை, ஆனாலும் நமக்கு இதைவிடப் பெரிய இசைக் கூட்டணி எது? இருவரும் இணைந்து இசையமைக்கலாம் என்ற யோசனையைக் கொடுத்தவர் நம் ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் இயக்கிய 'பணம்' 1952இல் வந்தது. 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 1995இல், ஒரே ஒரு படத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள். அந்த முப்பது வருஷத்தில் சேர்ந்து போட்டிருக்கக்கூடிய பாட்டுகளை நினைத்துப் பார்த்தால் யாருக்கும் மனசு ஆறாது.

மேடையிலேயே சண்டை வந்துவிட்டால்?

பாட்டை முடியுங்கள். 1980 ஜூலை 31 அன்று ஈகிள்ஸ் பேண்டின் க்ளென் ஃப்ரையும் டான் ஃபெல்டரும் பாட்டுக்குப் பாட்டு ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொண்டே கச்சேரியை முடித்தார்கள். பிறகு 14 வருஷம் அந்தப் பேண்டு இல்லை. மேடையில் வாய் திறந்தால் அது உங்கள் இருவரோடு நிற்காது. காசு கொடுத்த கமிட்டிக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் அதில் பங்கு வந்துவிடும்.

பேண்டின் பெயர் யாருக்குச் சொந்தம்?

பெயரை வைத்தவருக்குத்தான் சொந்தம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 'பிங்க் ஃப்ளாய்ட்' கதையைக் கேளுங்கள். எழுபதுகளின் பெரும்பாலான வரிகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் விலகினார். நான் போனதும் பேண்டு முடிந்தது, பெயரை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 1986இல் வழக்குப் போட்டார். 1987 டிசம்பரில் சமரசம்: பெயர் மற்ற இருவரிடமே இருந்தது, வாட்டர்ஸுக்கு 'தி வால்' மேலான உரிமை.

அதே பேண்டின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட்டை அதற்கு முன்பே வெளியே தள்ளி, 'தி வால்' கச்சேரிகளுக்கு மாதச் சம்பளக்காரர் போல வைத்துக்கொண்டார்கள். அந்தக் கச்சேரிகள் நஷ்டம். பங்குதாரர்கள் கைக்காசைப் போட்டார்கள். சம்பளம் வாங்கிய ரைட்டுக்கு மட்டும்தான் அதில் காசு மிஞ்சியது. 2005 ஜூலையில் நால்வரும் லண்டனில் ஒரே ஒரு முறை சேர்ந்து வாசித்தார்கள். 2008இல் ரைட் இறந்தார். இனி அந்த நால்வர் இல்லை.

உங்களுக்கு இதில் முக்கியம், பெயரைவிட, யூட்யூப் சேனலும் இன்ஸ்டாகிராம் கணக்கும். பாஸ்வேர்டு ஒருவனிடம் மட்டும் இருந்தால் பேண்டும் அவனிடம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

சண்டை போட்டும் நிலைத்தவர்கள் யார்?

யூ2 பேண்டில் எழுபதுகளின் கடைசியிலிருந்து அதே நாலு பேர். தொடக்கம் முதலே வருமானத்தைச் சமமாகப் பிரித்தார்கள், நீண்ட நாள் மேலாளரையும் சேர்த்து. ஆர்.இ.எம். பேண்டு, டிரம்மர் 1997இல் விலகும் வரை, தன் பாட்டுகளுக்கு நால்வர் பெயரையும் போட்டது. அவர்கள் 2011இல் சண்டையில்லாமல் முடித்துக்கொண்டார்கள். 2024இல் ஒரு விழாவில் நால்வரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசித்தார்கள். மெட்டாலிக்கா 2001இல் உடையும் நிலைக்கு வந்தபோது மாதம் 40,000 டாலர் கொடுத்து ஓர் ஆலோசகரை நடுவில் உட்கார வைத்துப் பேசினார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். நாலு பேரும் மதிக்கும் ஒரு சாரோ, பழைய வாத்தியக்காரரோ, ஒரு மாலை உட்கார்ந்தால் போதும்.

எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்றால் கூட்டாளிகள் தப்பாக நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள். ஒரு நாள் நினைப்பார்கள். நீங்களே ஆரம்பியுங்கள், உங்களுக்கு நஷ்டமான ஒரு வரியை முதலில் எழுதுங்கள். "இந்தப் பாட்டில் தொடக்க ட்யூன் அவனுடையது, அவன் பெயரும் போட வேண்டும்" என்று எழுதினால் அடுத்தவர் பேனாவைத் தானே வாங்குவார். ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு பாட்டிலும் யார் யார் பெயர், கச்சேரிக் காசு எப்படி, பொதுச் சாமான் எது, ஒருவர் போனால் பெயரும் சேனலும் என்ன ஆகும், முடிவுக்கு எத்தனை பேர் சம்மதம் வேண்டும். ஆளுக்கொரு நகல்.

உங்கள் பேண்டு மறுபடி சேர்ந்ததா?

சேரவில்லை. ஒருவர் சவுதியில், ஒருவர் ஊழியத்தில், டிரம்ஸ் வாசித்தவன் இப்போது தொடுவதே இல்லை. ஆனால் சில வருஷம் முன்னால் அந்தக் கேசட்டுப் பாட்டை யூட்யூபில் ஏற்றினேன். இசை என்ற இடத்தில் கீபோர்டுக்காரன் பெயரை முதலில் போட்டு, என் பெயரை அதற்குக் கீழே போட்டேன். அவனுக்குச் செய்தி அனுப்பவில்லை, தைரியம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவனே கூப்பிட்டான். "வீட்டுக்கு வா" என்றான்.

கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த மறுநாள் போனேன். அவன் மகளின் சின்னக் கீபோர்டு ஹாலில் இருந்தது. உட்கார்ந்து அந்தத் தொடக்க ட்யூனை வாசித்தான். மூன்றாவது வரியில் ஒரு ஸ்வரம் வேறாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. "இது கேசட்ல இப்பிடி இல்லையே" என்றேன்.

"அன்னைக்கே இப்பிடித்தான்ல வாசிச்சேன்" என்றான். "நீதான் மாத்தச் சொன்ன."